வாய்க்கரிசிக்கு அழைக்கப்படாதவர்: ஈசூன் வீடு ஒன்றில் நடந்த துக்கம்

இந்தக் குடும்பம் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மகளிடமும் பணிப்பெண்ணிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். மகள் உடனே சரி என்றார். பணிப்பெண், "ஊர்ல யாரும் படிக்க மாட்டாங்கள்ல?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கே போய் அந்திமகாலப் பராமரிப்பு தரும் குழு ஒன்றில், தமிழ் பேசும் குடும்பங்களைப் பார்த்துப் பேசுவது என் வேலை. நோயாளி இறந்து ஆறு வாரம் ஆனதும் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போகும். எப்படி இருக்கிறீர்கள், தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறீர்களா என்று கேட்போம். பெரும்பாலானவர்கள் "பரவாயில்லை" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். உண்மையிலேயே பரவாயில்லாமல்தான் இருப்பார்கள். துக்கத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் ஆலோசகர் தேவை என்று நான் நினைப்பதில்லை.

அழைப்பு

2024 மார்ச் கடைசியில், சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் உள்ள அந்த வீட்டுக்குப் பேசினேன். இறந்த அம்மாவுக்கு 81 வயது. தொலைபேசியை எடுத்த மகளுக்கு 52. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை.

"நான் நல்லாத்தான் இருக்கேன் மேடம். எங்க மெய்டுதான் ஒரு மாதிரியா இருக்கா" என்று ஆரம்பித்தார்.

பணிப்பெண் ராத்திரி 2 மணிக்கு எழுந்து அறை நடுவில் நிற்கிறாராம். 4 மணிக்கு மறுபடியும். சரியாகச் சாப்பிடுவதில்லை. உலையை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார். அம்மா படுத்திருந்த அந்த அறை இப்போது மகளின் பையனுடைய படிப்பறை. அவன் உயர்நிலை 4 படிக்கிறான், தேர்வு இருக்கிறது. "நாடகம் போடுறான்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார். ஊருக்கு அனுப்பிடலாமான்னு யோசிக்கிறோம்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, குரல் உயர்ந்து, "செத்தது யாரு அம்மா மேடம், அவ அம்மாவா?" என்றார்.

இந்தக் கேள்விக்காகத்தான் நேரில் போவதென்று முடிவு செய்தேன். பணிப்பெண்ணின் தூக்கம் எனக்கு அப்போது இரண்டாம் கவலைதான்.

எங்கள் படிவத்தில் துக்கத்தில் இருப்பவருக்கும் இறந்தவருக்கும் என்ன உறவு என்று ஒரு கட்டம் உண்டு. கணவர், மனைவி, மகன், மகள், பெற்றோர், உடன்பிறந்தவர், மற்றவை. பணிப்பெண்ணுக்கு "மற்றவை" என்று குறித்தேன்.

அந்த வீட்டில் ஐந்து வருடம்

அம்மா 1960களில் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கணவர் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, முன்னமே காலமாகிவிட்டார். மகன் மெல்பர்னில். அம்மா மகளோடு இருந்தார். 2019இல் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அடுத்த வருடத்தில் மறதிநோயும் முற்றி, விழுங்க முடியாமல் போய், மூக்கு வழியாகக் குழாய் வைத்துப் பால் கொடுக்க வேண்டி வந்தது.

பணிப்பெண் அதே 2019இல் வந்தவர். அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமம். 44 வயது. கணவர் இல்லை, ஒரு பையன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். வீட்டின்மேல் கடன்.

படுத்த படுக்கையாகிவிட்டவரைப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்பது பார்த்துக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும். ஒரே பக்கமாகப் படுத்தே இருந்தால் இடுப்பெலும்பும் குதிகாலும் முதுகின் அடிப்பாகமும் மெத்தையில் அழுந்தி, அந்த இடத்துத் தோலுக்கு ரத்தம் போகாமல் புண் வைத்துவிடும். வைத்தால் லேசில் ஆறாது. அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். பகலில் மட்டும் புரட்டினால் போதாது, இரவிலும் செய்தாக வேண்டும். அந்தப் பெண் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு, 12, 2, 4 என்று எழுந்து புரட்டியிருக்கிறார். அம்மா இறந்தபோது உடம்பில் ஒரு படுக்கைப் புண்கூடக் கிடையாது. எங்கள் தாதியரின் பதிவேட்டில் இது ஒவ்வொரு மாதமும் எழுதப்பட்டிருக்கிறது.

அவரும் தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தார். எழுபது சென்ட் பள்ளிக்கூட நோட்டுதான். முதல் மாதத்தில் தாதி ஒருவர் எழுதி வைக்கச் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார். "2.00 இடது. 4.00 வலது. 6.00 பால் 250, தண்ணி 50. மோசன் இல்ல." இப்படியே பக்கம் பக்கமாக. ஒன்று தீர்ந்தால் அடுத்தது. மாதத்தில் இரண்டு ஞாயிறு அவருக்கு ஓய்வு நாள். அன்றைக்கு மகள் பார்த்துக்கொள்வார். இந்த நோட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இறப்பும் மறுநாளும்

2024 பிப்ரவரியில் ஓர் அதிகாலை, 4 மணிக்குப் புரட்ட எழுந்தபோது அம்மாவின் மூச்சு மாறியிருந்தது. பணிப்பெண் மகளை எழுப்பினார். விடிவதற்குள் முடிந்துவிட்டது.

எங்கள் மருத்துவர் போய்ச் சான்றளித்தார். 2022 மே மாதக் கடைசியிலிருந்து, மருத்துவர் இணையம்வழி சான்றளித்ததுமே இறப்பு தானாகப் பதிவாகிவிடுகிறது. குடும்பத்தினர் மின்சான்றிதழைத் தரவிறக்கிக்கொண்டால் போதும். காலை 9 மணிக்குள் சான்றிதழ், ஈமச்சடங்கு நிறுவனம், சடங்கு நடத்தப் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு நகர மன்ற அனுமதி, மண்டாய் தகனச்சாலையில் நேரம் எல்லாம் முடித்துவிட்டேன் என்று மகள் என்னிடம் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. கணக்குப் பிரிவுக்காரர் அல்லவா.

மகன் அன்றிரவு வந்து சேர்ந்தார். மறுநாள் பிற்பகல் தகனம். இனி வருவதை இருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். நடந்தவற்றில் முரண்பாடு எதுவும் இல்லை, இருவருக்கும் பட்ட இடம்தான் வேறு வேறு.

ஐந்து வருடம் தினமும் அம்மாவைக் குளிப்பாட்டித் தலை வாரியது பணிப்பெண். அன்றைக்கு நிறுவனத்து ஆட்கள் கொண்டுபோய்ப் பக்குவப்படுத்தி, பட்டுப்புடவை கட்டிப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். "வகிட மாத்தி எடுத்துட்டாங்க மேடம். அம்மாவுக்கு நடு வகிடு பிடிக்காது, எடது பக்கமாத்தான் எடுப்பேன்." சரிசெய்யச் சீப்பை எடுத்துக்கொண்டு கீழே போனாராம். மெல்பர்ன் அண்ணன், "இப்போ எதுக்கு, விடு" என்று சொல்லிவிட்டார்.

கீழ்த்தளத்தில் கூட்டம் சேர்ந்ததும் பணிப்பெண் பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்க ஆரம்பித்திருக்கிறார். ஊரில் அவர் ஒப்பாரிக்குப் பேர் போனவர் என்பது சிங்கப்பூரில் யாருக்கும் தெரியாது. கீழ்த்தளத்தில் ஒப்பாரி கேட்டுப் பல வருடம் ஆகிறது. நாற்காலி, மேசை, மினரல் வாட்டர், தேவாரம் ஓடும் ஒலிப்பெட்டி என்று அமைதியாகத்தான் இப்போதெல்லாம் நடக்கிறது. திடீரென்று ஒரு பெண் தலைவிரி கோலமாக உட்கார்ந்து,

"பஞ்சு தலகாணி, பக்கத்துக்கு ஒண்ணா வச்சேன்,
ரெண்டு மணிச் சாமத்துல ராசாத்திய பொரட்டி வச்சேன்,
ஒத்தப் புண்ணு வைக்காம ஒம்ம ஒடம்ப காத்து வச்சேன்…"

என்று எடுத்தால் எப்படி இருக்கும்? சத்தத்தைக் கேட்டு எதிர்ப் புளோக்கில் சன்னல்கள் திறந்தன. சித்தி ஒருவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெத்த பொண்ணு மாதிரி பாத்திருக்கா பாரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அது மகள் காதில் விழுந்துவிட்டது. "போதும், மேல போய் எல்லாருக்கும் காப்பி போடு" என்று மகள் சொன்னார். பணிப்பெண் எழுந்து மின்தூக்கிக்குப் போனார்.

அப்புறம் வாய்க்கரிசி. அரிசியை ஊறவைத்துத் தட்டில் கொண்டுவந்து கொடுத்ததே பணிப்பெண்தான். சடங்கு செய்பவர் உறவு சொல்லி வரிசையாகக் கூப்பிட்டார். மகன், மகள், மருமகன், மருமகள், பேரப்பிள்ளைகள், தம்பி மகன், சம்பந்தி வீட்டார். அவர்மேல் தப்பில்லை, கூப்பிடும் முறையே அதுதான். பிறகு "வேற சொந்தக்காரங்க யாராச்சும்?" என்று கேட்டார். பணிப்பெண் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். யாரும் பேசவில்லை. சடங்கு மேலே போனது.

மண்டாய்க்குப் பேருந்து கிளம்பியபோது, பிணம் போன வீட்டைக் கழுவிவிட்டு விளக்கேற்ற ஆள் வேண்டும் என்று பணிப்பெண்ணை விட்டுவிட்டுப் போனார்கள். எல்லோரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டி உள்ளே போவதைப் பார்த்தபோது, இவர் வீட்டில் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"குடும்பத்துல ஒருத்தி மாதிரிதான் வச்சிருந்தோம்" என்று மருமகன் என்னிடம் இரண்டு தடவை சொன்னார். நம்புகிறேன். சம்பளம் பாக்கி இல்லை, கைத்தொலைபேசி உண்டு, நல்ல சாப்பாடு உண்டு, ஓய்வு நாளும் உண்டு. பேருந்தில் மூன்று இருக்கை காலியாகப் போனதையும் அவரேதான் சொன்னார்.

பணிப்பெண் சொன்னது

மகள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அவருடைய சம்மதத்தோடுதான் பணிப்பெண்ணிடம் தனியாகப் பேசினேன். முதல் முறை எதுவும் வரவில்லை. "நல்லாருக்கேன் மேடம், நல்லாருக்கேன் மேடம்" என்பதோடு சரி. வேலை போய்விடும் என்ற பயம். வேலை அனுமதிச்சீட்டை முதலாளி ரத்து செய்துவிட்டால், வேறு முதலாளி கிடைக்காத வரையில் ஊருக்குத்தான் போக வேண்டும். ஊரில் கடன். அழுதால் வேலை போகும் என்ற நிலையில் இருப்பவர் ஆலோசகரிடம் மனம் திறந்து பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பது நமக்கே கொஞ்சம் அதிகமாகத் தெரிய வேண்டும். நான் அவருடைய முதலாளியின் ஆள் இல்லை, இங்கே சொல்வது எங்கும் போகாது என்பதை அடுத்த முறையும் சொன்னேன். அப்புறம் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டேன். இதற்கு முன்னால் உங்கள் வீட்டில் யாராவது தவறியிருக்கிறார்களா?

2021 மே மாதம் அவருடைய அம்மா கொரோனாவில் போய்விட்டார். அதற்குச் சற்று முன், ஏப்ரல் 23 நள்ளிரவுக்குச் சற்று முன்னதாக, அண்மையில் இந்தியாவில் இருந்த வேலை அனுமதிக்காரர்களையும் வருகையாளர்களையும் சிங்கப்பூர் உள்ளே விடுவதை நிறுத்தியிருந்தது. போகலாம், திரும்பி வர முடியாது. "ஆத்தாவும் போயி வேலையும் போனா சோத்துக்கு எங்க போறது?" தம்பி வாட்ஸ்அப் வீடியோவில் காட்டினான். அது 2 மணிப் பால் நேரம். போனைப் பால் டின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, இங்கே குழாயில் பாலை ஊற்றிக்கொண்டே அங்கே சுடுகாட்டைப் பார்த்திருக்கிறார். நடுவில் சிக்னல் போய்விட்டது. வீட்டில் சொன்னது இரண்டு நாள் கழித்துத்தான். மகள் உடனே கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாராம், 500 வெள்ளி கொடுத்தாராம். அதையும் அவர் சொன்னார். நன்றி மறந்தவராக யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதில் மிகக் கவனமாக இருந்தார்.

"அப்பவே நெனச்சுக்கிட்டேன் மேடம். எங்காத்தாவுக்குத்தான் ஒண்ணும் செய்யக் குடுத்து வைக்கல. இந்த அம்மாவுக்காச்சும் கடைசி வரைக்கும் கூட நின்னு அனுப்பிடணும்னு."

இதற்கு மேல் அவரிடம் நான் துருவவில்லை. உயிரை விடும் எண்ணம் ஏதாவது உண்டா என்று நேராகக் கேட்டேன். இல்லை என்றார், பையனைச் சொன்னார். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க மருந்தகத்துக்குப் போய்வர ஏற்பாடு செய்தோம். எல்லாம் சரியாக இருந்தன.

மகள் சொன்னது

மகளோடு ஒரு மாலையில் புளோக்குக்குக் கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்தோம். வீட்டில் பேச மாட்டேன் என்றார்.

அம்மாவுக்காக அவருக்கு நிறுவனத்தில் 3 நாள் விடுப்பு கிடைத்தது. சிங்கப்பூரில் துக்க விடுப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது, வேலை ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். நான்காம் நாள் மாதக் கணக்கு முடிக்கப் போய்விட்டார். அண்ணன் திரும்பிப் போக வேண்டியிருந்ததால் பதினாறாம் நாள் காரியத்தை முன்னால் இழுத்து முடித்தார்கள். இரண்டாம் வாரம் மருத்துவக் கட்டிலைத் திருப்பி அனுப்பி, மூன்றாம் வாரம் படிப்பு மேசை வாங்கி, நான்காம் வாரம் சுவருக்குச் சாயம். "ஒவ்வொண்ணா முடிச்சுக்கிட்டே வந்தேன். அழவே இல்ல. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு."

பணிப்பெண்மேல் ஏன் அவ்வளவு கோபம் என்று கேட்டேன். காப்பிக் கோப்பையைத் தட்டில் சுற்றிக்கொண்டே இருந்தார். "அவ அழுதா, நான் அழாதது தெரியுது மேடம். அன்னைக்கு எல்லார் முன்னாடியும் தலகாணி வச்சேன், பொரட்டி வச்சேன்னு பாடறா. அப்போ நான் என்ன பண்ணேன்னு எல்லாரும் என்னைத்தானே பாப்பாங்க? நான் பெத்த பொண்ணு, அவ பெத்த பொண்ணு மாதிரி."

என் மதிப்பீடு

மருமகன் இணையத்தில் தேடிப் பார்த்திருக்கிறார். துக்கத்துக்கு ஐந்து கட்டம் உண்டாமே, இவள் எந்தக் கட்டத்தில் இருக்கிறாள் என்று கேட்டார். அந்த ஐந்து கட்டங்களை எலிசபெத் கூப்லர்-ராஸ் 1969இல் முன்வைத்தபோது, அவர் பேசிப் பார்த்தது சாகக் கிடந்த நோயாளிகளிடம். அது பிறகுதான் உறவை இழந்து நிற்பவர்களின் துக்கத்துக்கும் ஒட்டவைக்கப்பட்டது. பேருந்து நிறுத்தம் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக யாரும் துக்கப்படுவதை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை.

நோய் என்று பெயர் வைக்கவும் இது நேரமில்லை. நீடித்த துக்கக் கோளாறு என்று சொல்ல, உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல்படி குறைந்தது 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2022 கையேட்டின்படி பெரியவர்களுக்கு 12 மாதம். இங்கே ஆகியிருந்தது ஆறேழு வாரம். 2 மணிக்கும் 4 மணிக்கும் எழுவதில் பெரிய மர்மம் ஒன்றும் கிடையாது. ஐந்து வருடம் பழகிய உடம்பு எழத்தான் செய்யும். எழுந்தால் கட்டில் இருந்த இடத்தில் மேசை இருக்கிறது. அதே அறையில், அதே பாயில்தான் அவர் இன்னமும் படுத்துக்கொண்டிருந்தார். பாயை வேறு இடத்துக்கு மாற்றலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. அதை முதலில் செய்தோம். வரவேற்பறைப் பக்கம் மாற்றியதும் சில வாரங்களில் 4 மணி விழிப்பு நின்றது. 2 மணி நிற்கவில்லை.

எனக்கு இந்த வீட்டைப் புரிந்துகொள்ள உதவியவை இரண்டு கருத்துகள். ஒன்று, கென்னத் டோக்கா 1989இல் பேசியது. சமூகம் உரிமை கொடுக்காத துக்கம் என்று ஒன்று உண்டு. இழப்பு உண்மை, ஆனால் துக்கப்பட உனக்கு என்ன உரிமை என்று சுற்றி இருப்பவர்கள் கேட்பார்கள், அல்லது கேட்காமலே காட்டிவிடுவார்கள். நம் சடங்குகளில் இது இன்னும் கூர்மையாக இருக்கிறது என்பது என் எண்ணம். கொள்ளி யார், நெய்ப்பந்தம் யார், கோடி யார் வீட்டிலிருந்து வர வேண்டும் என்று ஒவ்வொரு கைக்கும் ஒரு வேலை இருக்கிறது. அதுதான் அதன் பலம். அழக்கூடத் தெரியாமல் நிற்பவனைக்கூட இழுத்துக் குடத்தைத் தோளில் வைத்து நடக்க வைத்துவிடும். ஆனால் எல்லா வேலையும் உறவுமுறையைப் பார்த்துத்தான் பிரிக்கப்பட்டிருக்கிறது. உறவுமுறை இல்லாதவருக்கு அங்கே நிற்க இடம் கிடையாது, காப்பி போடத்தான் இடம் உண்டு.

மற்றொன்று, மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் 1999இல் எழுதியது. துக்கத்தில் இருப்பவர் இழப்புக்கும் அன்றாடத்தைச் சீர்செய்யும் வேலைகளுக்கும் இடையே மாறி மாறிப் போய்வருவார், அந்தப் போய்வருதல்தான் ஆரோக்கியம் என்பது அவர்கள் கருத்து. இந்த வீட்டில் அந்த இரண்டையும் இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். சீர்செய்யும் வேலை முழுவதும் மகளிடம், இழப்பு முழுவதும் பணிப்பெண்ணிடம். பணிப்பெண்ணை ஊருக்கு அனுப்பினால் வீட்டில் இருக்கும் துக்கம் மொத்தமும் விமானம் ஏறிவிடும் என்று மகள் நினைத்தாரோ என்னவோ. அனுப்பியிருந்தால் மகள்தான் முதலில் விழுந்திருப்பார் என்று நினைக்கிறேன். என் குழுவில் ஒருவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. இது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே உள்ள பிரச்சினை, துக்க ஆலோசனை என்று சுற்றி வளைக்காமல் வேறு வீடு பார்த்துக் கொடுத்திருக்கலாம் என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சம்பளம் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அழுதால் சமமாகிவிடுவார்கள் என்று நானும் நம்பவில்லை.

நோட்டு

நோட்டுகள் எங்கே என்று பணிப்பெண்ணிடம் கேட்டேன். பொருள் அறையில், மீந்துபோன பெரியவர்களுக்கான டயப்பர் பொட்டலத்துக்குப் பின்னால் இருந்தன. மகள் தூக்கிப் போடச் சொன்ன சாமான்களோடு போகாமல் ஒளித்து வைத்திருந்தார். இதை மகளிடம் காட்டலாமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "திட்டுவாங்களே" என்றார். திட்டினால் நான் இருக்கிறேன் என்றேன்.

ஒரு சனிக்கிழமை மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். மகள் புரட்டிப் பார்த்தார். முதலில் கணக்கர் கண்ணோடுதான் பார்த்தார், தேதி விட்டுப்போயிருக்கிறதா, கூட்டல் சரியா என்று. நடுநடுவே அவருடைய சொந்தக் கையெழுத்து வந்தது. ஓய்வு ஞாயிறுகள். ஆங்கில எண்களில், சாய்ந்த எழுத்தில். சில ஞாயிறுகளில் நிறைய எழுதியிருந்தார். சிலவற்றில் பால் மட்டும். 2022இல் தொடர்ச்சியாகச் சில ஞாயிறுகள் இரவுப் பகுதி காலியாக இருந்தது.

"இந்த ராத்திரியெல்லாம் நான் பொரட்டல" என்றார் மகள்.

பணிப்பெண், "நான் பத்து மணிக்கு வந்து பொரட்டிட்டேன்க்கா, எழுதல" என்றார்.

மகள் தலையைக் கவிழ்த்து அழுதார். சத்தமாக, நெடுநேரம் அழுதார். பையன் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். பணிப்பெண் எழுந்து நின்றார், தொடலாமா கூடாதா என்று தெரியாமல். நான் எதுவும் சொல்லவில்லை. "நீங்களும்தானே பார்த்தீர்கள்" என்று ஆறுதல் சொல்லத் தோன்றியது. நோட்டு அப்படிச் சொல்லவில்லை. கொஞ்சம் பார்த்தார், கொஞ்சம் விட்டார் என்றுதான் இருந்தது. அதை அழித்துக் காட்டுவது என் வேலை இல்லை.

ஆடி அமாவாசை

சடங்கு முடிந்துவிட்ட பிறகு ஒருவருக்கு எங்கே இடம் கொடுப்பது? இதை நான் மகளிடம் கேள்வியாகத்தான் வைத்தேன், பதில் அவருடையது. அம்மாவின் சாம்பலைப் படகில் கொண்டுபோய், செமாக்காவ் தீவுக்குத் தெற்கே அதற்கென ஒதுக்கிய இடத்தில் கரைத்திருந்தார்கள். அங்கே திரும்பப் போவது பெரிய ஏற்பாடு. ஆடி அமாவாசை அந்த வருடம் ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. பணிப்பெண்ணுக்கு ஓய்வு நாள். வீட்டில் படையல் போடுகிறேன், அவளும் இருக்கட்டும் என்றார் மகள். ஓய்வு நாளில் கூப்பிடுவதால் வேலை எதுவும் செய்ய விடக் கூடாது என்று நான் கறாராகச் சொன்னேன். மகளுக்கு அது கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது. ஆனால் சமையல் முழுவதையும் தானே செய்தார்.

என்ன படைப்பது என்பதில்தான் விஷயம் வந்தது. மகள் தன் சின்ன வயது ஞாபகத்தில் இருந்து வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, பருப்பு வடை, சேமியாப் பாயசம் என்று வைத்தார். பணிப்பெண் மெதுவாக, "மைலோ வைக்கலியாக்கா?" என்றாராம். குழாய் வைத்த பிறகு வாய்வழியாக எதுவும் கிடையாது, உதட்டை நனைத்துக்கொடுக்க மட்டும் தாதி அனுமதித்திருந்தார். தண்ணீரில் நனைத்தால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். மைலோவில் நனைத்த பஞ்சுக்குச்சியை வைத்தால் நாக்கை நீட்டுவார். மகளுக்கு இது தெரியாது. அம்மா மைலோ குடித்தே அவர் பார்த்ததில்லை. வாழை இலை ஓரத்தில் ஒரு கோப்பை மைலோவும் வைத்தார்கள். கற்பூரம் காட்டும்போது மகள் தட்டைப் பணிப்பெண் கையில் கொடுத்தார். மருமகன் பின்னால் நின்றுகொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஒப்பாரி வைத்தீர்களா என்று பிறகு பணிப்பெண்ணிடம் கேட்டேன். "இல்ல மேடம், மெதுவா முனகிக்கிட்டேன்" என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு

அவர் அந்த வீட்டில் தொடரவில்லை. படுத்த படுக்கையாக யாரும் இல்லாத வீட்டுக்கு முழுநேர ஆள் தேவையில்லை, பணிப்பெண் வைத்திருப்பதற்கு அரசாங்கத்துக்குத் தீர்வையும் கட்ட வேண்டும். இது முதலிலிருந்தே எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊருக்கு அனுப்பாமல், செப்டம்பரில் வேறு முதலாளிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். மகள் எழுதிக் கொடுத்த பரிந்துரைக் கடிதத்தில் ஐந்து வருடம் ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை என்பதுதான் முதல் வரி. புக்கிட் பாத்தோக்கில் ஒரு வீடு, சிறுநீரகம் பழுதான தாத்தா ஒருவர்.

அக்டோபர் 31 தீபாவளிக்குப் புது வீட்டில் அவருக்குப் புடவை எடுத்துக் கொடுத்தார்கள். கட்டவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. புது முதலாளி அம்மாவுக்கு மனத்தாங்கல். பணிப்பெண் இதை என்னிடம் தொலைபேசியில் சொன்னபோது, துக்க வீட்டுக்காரர்களுக்கு அந்த வருடம் தீபாவளி கிடையாதே என்றார், இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்கிற தொனியில். முதலாளியிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள், புரிந்துகொள்வார் என்றேன். சொன்னார். அந்த அம்மா புடவையைப் பொங்கலுக்குக் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

மகளுக்கு இப்போது அழுகை வருகிறது, பெரும்பாலும் வேலைக்குப் போகும் ரயிலில். மாதத்துக்கு ஒருமுறை என்னிடம் பேசுகிறார். சித்தி அன்றைக்குச் சொன்ன வார்த்தை இன்னும் குத்துகிறது. அதற்கு அவர் இன்னும் பதில் கண்டுபிடிக்கவில்லை.

எங்கள் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்தோம்: "நோயாளியைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டவர்கள் யார் யார்?" அதில் உறவு கேட்கும் கட்டம் இல்லை. வந்த பெயர்கள் எல்லோருக்கும் தனித்தனியாகப் பேசுகிறோம். பணிப்பெண்கள் தொலைபேசியை எடுக்கவே தயங்குகிறார்கள். ஓய்வு ஞாயிறு மதியம் கூப்பிட்டால் பேசுகிறார்கள்.

முதல் திதி வேலை நாளில் வந்தது. மகள் புக்கிட் பாத்தோக் வீட்டுக்குத் தானே தொலைபேசி செய்து, காலையில் மட்டும் அவரை அனுப்ப முடியுமா என்று கேட்டார். அனுப்பினார்கள், பிற்பகல் ஒரு மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லி. தாத்தாவுக்கு அன்றைக்கு டயாலிசிஸ்.